பால் சுறாவும் ஒரு தாய்தான்!

வீட்டில் குழந்தை பிறந்ததும் கடற்கரை ஊர்களில் பாட்டி என்ன சொல்வாள்?

"பால் சுறா வாங்கி வா. புட்டு செய்து கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும்" என்பாள்.

அந்தப் பால் சுறாவின் கதையைக் கேளுங்கள்.

இது ஆளை விழுங்கும் சுறா அல்ல. சுமார் 3 அடி நீளம்தான் வளரும். கரையோரக் கடலில் சின்ன மீன்களைத் தின்று வாழும்.

சாளை மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பால் சுறா அப்படி அல்ல. நம்மைப்போல் வயிற்றில் சுமந்து, கொப்பூழ்க்கொடி வழியாக உணவு ஊட்டும். சுமக்கும் காலம் ஏறக்குறைய ஒரு வருஷம்! பெறுவதோ பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிகள்தான்.

பிறந்த குட்டி ஒரு முழம்கூட இராது. கரையோரத்திலேயே வளர்வதால் வலையில் எளிதில் சிக்கிவிடுகிறது.

ஆயிரம் பெறுகிற மீனைப் பிடித்தால் கடல் ஈடுகட்டும். ஐந்து பெறுகிற மீனைப் பிடித்தால்? பால் சுறா ஆபத்தில் இருப்பதாக சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-ல் அறிவித்தது.

"அப்படியானால் சுறாவே சாப்பிடக் கூடாதா? மீனவர் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்பீர்கள்.

அப்படிச் சொல்லவில்லை. 2 அடிக்குக் குறைந்த பால் சுறா, பருவம் வராத குட்டி. அதை வாங்காதீர்கள். விலை போகாது என்று தெரிந்தால், உயிரோடு வரும் குட்டியை மீனவரே கடலில் விட்டுவிடுவார்.

விதை நெல்லை அவித்துத் தின்றால் அடுத்த போகம் ஏது?

இன்று தொட்டிலில் கிடக்கும் உங்கள் பேத்தியும் ஒருநாள் தாய் ஆவாள். அன்று அவளுக்கும் பால் சுறா கிடைக்க வேண்டாமா?