பட்டத்துக்கு அப்பால் கைவிடப்படும் மாணவர்கள்

இலவசக் கல்வி வழங்கும் நாடு என்று நாம் பெருமை பேசாத மேடையில்லை. 1945ஆம் ஆண்டில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாடு, கூலித் தொழிலாளியின் பிள்ளையையும் பல்கலைக்கழகத்தின் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்த இலவசம் முதலாவது பட்டத்துடன் முற்றுப்பெற்று விடுகின்றது. பட்டமளிப்பு விழாவில் மேலங்கியுடன் படம் எடுத்துக்கொண்ட மாணவன் முதுமாணி கற்கைக்கோ, முதுதத்துவமாணி ஆய்வுக்கோ, கலாநிதி ஆய்வுக்கோ மறுபடியும் அதே வாசலுக்கு வரும்போது, அவனை மாணவனாகக் கருதுவதற்கு அங்கு எவரும் ஆயத்தமாக இல்லை. கட்டணம் செலுத்திச் சேவை பெற வந்த ஒருவராகவே அவர் நோக்கப்படுகின்றார்.

பட்டப்பின் படிப்பை மேற்கொள்வோர் யார் என்பதை முதலில் நோக்க வேண்டும். வசதி படைத்த சிலர் பொழுதுபோக்காகப் படிக்கின்றனர் என்ற எண்ணம் எமது சமூகத்தில் இன்னமும் உண்டு. உண்மை அதுவல்ல. அவர்களுள் பெருந்தொகையினர் பாடசாலை ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள், தற்காலிக விரிவுரையாளர்கள், நிரந்தரத் தொழில் கிடைக்காத பட்டதாரிகள் ஆகியோரே. வெள்ளிக்கிழமை பாடசாலை முடிந்ததும் முல்லைத்தீவில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கி, சனி, ஞாயிறு விரிவுரைகளுக்குச் சமுகமளித்து, திங்கட்கிழமை காலை முதலாம் பாடத்துக்கு மீண்டும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியைகளை நாம் அறிவோம். அம்பாறை மாவட்டத்தின் கரையோரக் கிராமங்களிலிருந்து கொழும்புக்கும் பேராதனைக்கும் இரவு பஸ்ஸில் சென்று வருவோரையும் அறிவோம். இவர்களுக்குப் பல்கலைக்கழக வாழ்க்கை என்பது விரிவுரை மண்டபமும் பஸ் தரிப்பிடமும் மாத்திரமே.

இளமாணி மாணவனுக்குக் குறைகள் எத்தனை இருந்தாலும் ஓர் ஏற்பாடு உண்டு. விடுதி உண்டு. மாணவர் ஆலோசகர் உண்டு. சுகாதார நிலையம் உண்டு. தொழில் வழிகாட்டல் பிரிவு உண்டு. 1981இல் ஆரம்பிக்கப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் உண்டு. நீண்டகாலம் மாதம் 5000 ரூபாவாக இருந்த அத்தொகையை 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் 7500 ரூபாவாக உயர்த்தியது. அதுவும் போதாது என்பது வேறு விடயம். குரல் கொடுப்பதற்கு மாணவர் ஒன்றியமும் இருக்கின்றது. பட்டப்பின் மாணவருக்கு இவற்றுள் எது உண்டு? இருக்கும் விடுதிகள் இளமாணி மாணவருக்கே போதாத நிலையில் இவர்களுக்கு அறை கிடைப்பது அரிது. உளவளத்துணை அலுவலகம் வேலை நாட்களில் திறந்திருக்கும். இவர்கள் வருவதோ வார இறுதியில். அலுவலகத்தில் ஒரு கடிதம் பெறுவதற்குக்கூட ஒருநாள் விடுமுறை எடுக்க வேண்டியுள்ளது.

பணம் என்பது இதன் முதலாவது முடிச்சு. இந்தியாவில் தேசிய தகுதித் தேர்வின் மூலம் தெரிவாகும் இளநிலை ஆய்வாளருக்கு 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதம் 37,000 இந்திய ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. இலங்கை நாணயத்தில் அது ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகையாகும். ஆய்வு என்பது ஒரு வேலை, அதற்கு ஊதியம் உண்டு என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டிருக்கின்றது. இங்கோ ஆய்வு செய்பவரே பல்கலைக்கழகத்துக்குப் பணம் செலுத்துகின்றார். உதவிகள் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. விஞ்ஞானத் துறையினருக்குத் தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சிப் பேரவையும் மானியங்கள் வழங்குகின்றன. மனிதப் பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கென 2005ஆம் ஆண்டில் ஓர் உயர் கற்கை நிலையம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் உருவாக்கப்பட்டது. ஆனால் அதன் உதவி பிரதானமாகப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களைக் கருத்திற்கொண்டது. பதவி இல்லாத, ஆனால் ஆற்றல் உள்ள ஒரு கலைப்பட்டதாரிக்குத் திறந்திருக்கும் கதவுகள் மிகச் சிலவே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த நிலைமையை மேலும் மோசமாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தபோது, குடும்பம் ஒன்றைக் கொண்டு நடத்தும் ஆசிரியர் முதலில் கைவிட்டது எதை? தமது பிள்ளையின் பிரத்தியேக வகுப்பை அல்ல. தாம் பதிவு செய்திருந்த முதுமாணிக் கற்கையையே. இவ்வாறு இடைநடுவில் நின்றவர்களை எவரும் தேடிச் செல்லவில்லை. இளமாணி மாணவன் வகுப்புக்கு வராவிட்டால் நண்பர்களாவது விசாரிப்பர். பட்டப்பின் மாணவர் மறைந்து போனால் பதிவேட்டில் ஒரு வெற்றிடம் விழும். அவ்வளவுதான்.

இரண்டாவது முடிச்சு மேற்பார்வை. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டத்திலும் கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் ஒரு மட்டம் இல்லை. அத்தகைய உச்சத்தை நோக்கிச் செல்பவரின் முழு எதிர்காலமும் ஒரே ஒரு பேராசிரியரின் நேரத்திலும் மனநிலையிலும் தங்கியிருக்கின்றது. கொடுத்த அத்தியாயம் மாதக்கணக்கில் மேசையில் கிடப்பதும், மேற்பார்வையாளர் வெளிநாடு சென்றுவிட மாணவர் அந்தரத்தில் நிற்பதும் புதினமான சங்கதிகள் அல்ல. முன்னேற்ற அறிக்கை என்று ஒன்று விதிமுறைகளில் உண்டு. பல இடங்களில் அது கையொப்பமிடும் சடங்காகிவிட்டது. முறைப்பாடு செய்ய மாணவர் அஞ்சுகின்றார். ஏனெனில் ஆய்வேட்டைப் பரீட்சகரிடம் அனுப்ப வேண்டியவரும் அவரே. நாளை வேலைக்கு நற்சான்று வழங்க வேண்டியவரும் அவரே.

நல்ல மேற்பார்வை எதைச் செய்யும் என்பதற்கு எமது கல்வி வரலாற்றிலேயே சான்று உண்டு. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து திரும்பியவர்கள். அந்த வழிகாட்டலின் பயன் அவர்கள் இருவருடன் நின்றுவிடவில்லை; தமிழியல் ஆய்வின் போக்கையே மாற்றியது. 1974இல் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பிக்கப்பட்டபோது அதன் முதலாவது தலைவராக அமர்ந்தவர் கைலாசபதியே. ஒரு மாணவருக்குக் கிடைத்த கவனிப்பு ஒரு தலைமுறைக்குப் பயன்பட்டது. அந்தக் கவனிப்பு கிடைக்காமற் போனால் இழப்பும் ஒரு தலைமுறைக்குரியதே.

மூன்றாவது முடிச்சு மனம். இதைப் பற்றி எமது சமூகம் பேசுவதற்குக் கூச்சப்படுகின்றது. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு 26 நாடுகளைச் சேர்ந்த 2279 பட்டப்பின் மாணவர்களிடம் தகவல் பெற்றது. அவர்களுள் 41 சதவீதத்தினர் நடுத்தரம் முதல் கடுமையான பதற்றத்துக்கும், 39 சதவீதத்தினர் அதே அளவு மனச்சோர்வுக்கும் உள்ளாகியிருந்தனர். தாமாக முன்வந்து பதிலளித்தோரைக் கொண்ட கணிப்பு என்பதால் அதை அப்படியே எல்லோருக்கும் பொருத்துவது சரியாகாது. எனினும் நிதியுதவியும் வசதிகளும் உள்ள நாடுகளிலேயே இத்தகைய நிலை காணப்பட்டதென்றால், போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த எமது பிரதேசங்களில், எவ்வித உதவியுமின்றிப் படிப்பவரின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பெண்களின் நிலை தனியாக நோக்கப்பட வேண்டியது. பல்கலைக்கழக மாணவர்களுள் பெரும்பான்மையினர் இன்று பெண்களே. ஆனால் மேலே செல்லச் செல்லச் சுமை அவர்களுக்கே அதிகம். திருமணம், பிள்ளைப்பேறு, முதியோர் பராமரிப்பு ஆகியவற்றுக்கு இடையில் ஆய்வேட்டை எழுதும் பெண்ணுக்குப் பதிவுக் காலத்தை இடைநிறுத்தும் உரிமை தெளிவாக எழுத்தில் வழங்கப்பட வேண்டும். தூர இடங்களிலிருந்து வரும் பெண்களுக்குப் பாதுகாப்பான தங்குமிடம் இல்லாவிட்டால் வீட்டார் அனுமதிப்பதில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இது ஒருங்கே பொருந்தும். நோன்பு மாதத்தில் மாலை வகுப்பை நோன்பு திறக்கும் நேரத்துக்கு வைப்பதும், வெள்ளிக்கிழமை நண்பகலில் பரீட்சை குறிப்பதும் சிறு கவனத்தால் தவிர்க்கக்கூடியவை. 1990இல் நிகழ்ந்த வன்செயல்களால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர இயலாமற்போன முஸ்லிம் மாணவர்களின் அவலம், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தோற்றத்துக்கு ஒரு காரணமாக அமைந்தது. மாணவர் தம்மை அந்நியராக உணரும் இடத்தில் கல்வி நிலைக்காது என்பதே அந்த வரலாறு தரும் பாடம்.

மொழியும் ஒரு தடை. தமிழ் மூலம் முதற்பட்டம் பெற்றவர் பட்டப்பின் படிப்புக்குச் செல்லும்போது விண்ணப்பம், விதிமுறை, வாசிப்புப் பட்டியல் யாவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. ஆங்கிலம் தேவையில்லை என்று நாம் வாதிடவில்லை. அதை வெல்வதற்கு ஆய்வு எழுத்துப் பயிற்சி வேண்டும். தமிழில் ஆய்வேடு எழுத விரும்புவோருக்கு அதற்கான வழியும் மதிப்பும் வேண்டும். 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் இன்று ஈழத்துத் தமிழாய்வாளர் பலருக்குக் கைகொடுக்கின்றது. தன்னார்வலர் செய்ததை ஒரு நிறுவனம் செய்ய இயலாதா?

இவர்களுள் பலர் சம்பளம் பெறுவோர், நாடு கடனில் மூழ்கியிருக்கையில் இவர்களுக்கு எதற்குச் சலுகை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். முதற்பட்டம் கற்கும் ஏழை மாணவனின் பங்கைப் பறித்து இவர்களுக்கு வழங்குமாறு நாம் கோரவில்லை. ஆனால் வேண்டியவற்றுள் பல பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சனிக்கிழமைகளில் நிர்வாக அலுவலகத்தையும் உளவளத்துணைப் பிரிவையும் திறந்து வைப்பது, கட்டணத்தைத் தவணை முறையில் செலுத்த அனுமதிப்பது, கொடுத்த அத்தியாயத்துக்கு இத்தனை வாரங்களுக்குள் பதில் என எழுத்தில் நிர்ணயிப்பது, மேற்பார்வையாளர் அல்லாத ஒருவரிடம் முறையிடும் வழியை ஏற்படுத்துவது, விடுமுறையில் வெறுமையாகும் விடுதி அறைகளை வார இறுதி மாணவருக்குக் குறைந்த வாடகையில் வழங்குவது, பட்டப்பின் மாணவருக்கென ஓர் ஒன்றியத்தை அங்கீகரிப்பது ஆகியவற்றுக்கு வேண்டியது நிதியை விட மனமே. அவர்கள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை அவர்களது நலனுக்கென ஒதுக்கினாலே பாதிச் சுமை குறையும்.

தொண்ணூறுகளில் மின்சாரமற்ற நாட்களில் குப்பி விளக்கொளியில் படித்துப் பட்டம் பெற்ற தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். எம்முடன் படித்த திறமைசாலிகள் பலர் ஆய்வை ஆரம்பித்தனர். முடித்தவர் சிலரே. அன்று போர் காரணம் என்றோம். துப்பாக்கிகள் மௌனித்தது 2009ஆம் ஆண்டில். இன்றும் அதே நிலை தொடருமாயின் எதைக் காரணம் கூறுவது?

நெருக்கடிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களது இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் இன்று வார இறுதி பஸ்களில் ஆய்வேட்டுப் பிரதிகளை மடியில் வைத்தபடி பயணம் செய்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் அலுத்துப்போய் இறங்கிவிட்டால், நாளை வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் திருநெல்வேலியிலும் வவுனியாவிலும் எமது பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் யார் என்பதைத் துணைவேந்தர்களும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் இப்போதே சிந்தித்தாக வேண்டும்.