வரி போச்சு, பாட்டரியும் போச்சு!

என் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோடு முனையில், காலை எட்டே முக்கால் டிராஃபிக்கில் மூச்சை விட்டது. வாரண்டி முடிந்து 2 மாதம். (பாட்டரிகளுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியும் என்பது என் கட்சி.) ராஜகீழ்ப்பாக்கம் வரை தள்ளினேன். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பாட்டரி அவுட்டு சார். புதுசு அறுபத்தஞ்சாயிரம் ஆவும்."

பி.காம். படித்தவன் சும்மா இருப்பேனா? "லித்தியத்துக்குத்தான் இறக்குமதி வரியையே எடுத்துட்டாங்களே!" என்றேன்.

நிஜம்தான். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் நிர்மலா சீதாராமன் 25 கனிமங்களுக்கு சுங்க வரியை முழுசாக விலக்கினார். லித்தியம், கோபால்ட், தாமிரம் எல்லாம் அதில் உண்டு.

"யாருக்கு சார் எடுத்தாங்க?" என்றார் மெக்கானிக்.

நியாயமான கேள்வி. ஹார்பரில் கிளியரிங் வேலை பார்க்கும் பல்லாவரம் நண்பனுக்கு போன் போட்டேன்.

"டேய், விலக்கு லித்தியத்துக்கு. உனக்கு வர்றது செல். பெரும்பாலும் சீனாவுல செஞ்சு பெட்டியில வருது. அரிசிக்கு வரி இல்லேன்னா ஓட்டல்ல இட்லி விலை குறையுமா? அதுவும் நம்ம ஊர்ல மாவாட்ட கிரைண்டரே சரியா இல்லாதப்போ?"

கிரைண்டர் என்று அவன் சொன்னது சுத்திகரிப்பு ஆலையை. உலக லித்தியத்தில் பாதிக்கு மேல் சீனாவில்தான் சுத்தமாகிறது. நம்மிடம் அரிசியாவது இருக்கிறதா? ஜம்மு-காஷ்மீரில் ரியாசி என்ற இடத்தில் 59 லட்சம் டன் தாது இருக்கலாம் என்று 2023 பிப்ரவரியில் சொன்னார்கள். ஆஹா என்று குதித்தோம். 2024-ல் அந்த ஏலம் ஆள் போதாமல் ரத்தானது. அதனால் வரி விலக்கு தப்பு என்று சொல்ல மாட்டேன். நாளைக்கு இங்கே ஆலை போடுகிறவனுக்கு அது வேண்டும். ஆனால் அவன் ஆலை போட்டு, செல் செய்து, அது ராஜகீழ்ப்பாக்கம் வருவதற்குள் எனக்கு ரிட்டயர்மெண்ட் வந்துவிடும்.

"இதுக்குப் பார்லிமெண்ட்ல தனியா சட்டம் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? 1962 சுங்கச் சட்டத்துல 25-ஆவது பிரிவு இருக்கே. ஒரு நோட்டிஃபிகேஷன் போதும்."

அமெரிக்காவில் இந்த மாதிரி தற்காலிக விலக்குகளுக்கு மூட்டையாக ஒரு சட்டம் போடுவார்கள். 2018-ல் போட்டது 2020 டிசம்பர் 31-ல் காலாவதியாகி, வருஷக்கணக்கில் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. நம் ஊரில் நிபந்தனையோடு கொடுக்கிற விலக்கு, வேறு தேதி போடாவிட்டால், 2 வருஷம் முடிந்து வரும் மார்ச் 31 வரைதான். அப்புறம் நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் போகலாம். அந்தத் தேதியை நம்பி எவன் கோடி கோடியாகக் கொட்டுவான்? எங்கள் தெருவில் வீடு கட்டும்போது போட்ட தற்காலிகத் தகரக் கொட்டகைக்குக்கூட அதைவிட ஆயுசு கெட்டி.

போனை வைத்தேன். மெக்கானிக் காத்திருந்தார்.

"பழச நானே எடுத்துக்கறேன் சார். ஆயிரத்து ஐநூறு தரேன்."

மறுபடி பி.காம். தலைதூக்கியது. "இதுக்குள்ள லித்தியம் இருக்குய்யா! 2025 பட்ஜெட்ல வெளிநாட்டு பாட்டரி ஸ்கிராப்புக்கே வரியை எடுத்துட்டாங்க. அவ்ளோ டிமாண்டு!"

அவர் கையைத் துடைத்தபடி யோசித்தார்.

"அப்படியா சார்? கப்பல்லயே வரியில்லாம வருதுன்னா, என்கிட்ட பழசு எடுக்கறவரு ரேட்டைக் குறைச்சிடுவாரே. ஆயிரத்து இருநூறு வெச்சுக்குங்க."