மூன்றாம் தரமும் எழுதவைக்கும் பெற்றோருக்கு

ஏ.எல். பெறுபேறு வந்ததும் களுதாவளையில் நாம் கேட்கும் முதற் கேள்வி, "டொக்டருக்குக் கிடைக்குமா, இஞ்சினியருக்குக் கிடைக்குமா?" கிடைக்காவிட்டால் இரண்டாம் தரம், அதுவும் சரிவராவிட்டால் மூன்றாம் தரம். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் எழுதலாம். அந்த மூன்றையும் பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமலே நாம் முடித்துவிடுகிறோம். அதற்குள் பிள்ளைக்கு 22 வயதாகிவிடும், கையில் ஒரு தொழிலும் இராது. ஏஜென்சிக்குக் காசு கட்டிக் கட்டாருக்கு அனுப்புகிறோம். தொழில் பழகாமல் போகிறவனுக்கு அங்கே லேபர் வேலைதான்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். பிழை நம்முடையது.

"வேக்சொப் வேலையா?" என்று முகம் சுளிக்கிறீர்களே, வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பி நின்றுபோனால் எங்கே ஓடுகிறீர்கள்? தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் புதிது கடையும் பொடியனுக்குப் பக்கத்தில் ஒருநாள் நின்று பாருங்கள். வேணியர் இடுக்கியால் அளக்கிறான், லேத்தை ஓட்டி மெல்லச் சீவுகிறான், நிறுத்தித் திரும்ப அளக்கிறான். மில்லிமீற்றரில் நூறில் சில பங்கு கூடினால் புஷ் ஏறாது. குறைந்தால் ஆடும், பம்பி மறுபடி கெடும். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் உங்கள் மகன் பிடிப்பதும் இதே வேணியர்தான். அங்கே பிடித்தால் பெருமை, இங்கே பிடித்தால் குறைச்சலா?

அந்த லேத்தைக் கணினி ஓட்டினால் அது சி.என்.சி. மெசின். வரைபடம் வாசிக்கவும், புரோகிராம் எழுதவும், எந்த உலோகத்தை எந்த வேகத்தில் வெட்டுவதென்று கணக்கிடவும் படித்தவர்கள் வேண்டும். உற்பத்திப் பொறியியலில் இதுவும் ஒரு பகுதி. பெண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஆடைத் தொழிற்சாலைக்கு மகளைத் தைக்க அனுப்பச் சம்மதிக்கும் நாம், அங்கே மெசின்களைப் பராமரிக்கும், உற்பத்தியைத் திட்டமிடும் வேலைக்கு அவளைப் படிப்பிக்க ஏன் யோசிப்பதில்லை?

வழியில்லை என்று சொல்லாதீர்கள். 2013 இல் ஏ.எல்.லுக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. பொறியியல் தொழினுட்பவியல் அதில் ஒரு பாடம். அதைப் "படிக்கேலாத பிள்ளைகளின் பிரிவு" ஆக்கியது நம் வாய்தான். ஏ.எல். வேண்டாமென்ற பிள்ளைக்கு என்.வி.கியூ. என்னும் தேசிய தொழிற் தகைமை இருக்கிறது. மட்டம் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். வெல்டிங் பழகத் தொடங்கிய பிள்ளையும் படிப்படியாக ஏறி இரத்மலானையிலுள்ள யூனிவொடெக் பல்கலைக்கழகம் வரை போகலாம். அந்தச் சான்றிதழ் கையில் இருந்தால், வெளிநாடு போனாலும் தொழில் தெரிந்தவனாகப் போவான், கூலியாக அல்ல.

மூன்றாம் தரத்துக்கு ரியூசன் காசு கட்டுமுன் ஒருநாள் ஒதுக்குங்கள். ஓ.எல். பெறுபேற்றையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு மட்டக்களப்புத் தொழினுட்பக் கல்லூரிக்குப் போங்கள். என்னென்ன பாடநெறி, எந்த மட்டம் வரை, விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள். அங்கே பிள்ளையைப் பேசவிடுங்கள்.