ஏகாதசியும் நோபல் பரிசும்

போன ஏகாதசியன்று பிராஞ்சில் கூட்டம் நெரியும் நேரத்தில் வீட்டிலிருந்து போன். அம்மா பூஜை அறை வாசலில் மயங்கி விழுந்துவிட்டார். எழுபத்திரண்டு வயசு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முந்தின ராத்திரியிலிருந்து வெறும் தண்ணீர். கண் விழித்ததும் என் மனைவி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருக்கிறாள்.

ஏம்மா இப்படி என்று கேட்டால், "நீதானேடா அனுப்பினே, விரதத்துக்கு நோபல் பரிசே குடுத்துட்டான்னு?" என்கிறார்.

அனுப்பியது நான்தான். நாக்பூரில் நம்மவர்கள் வாட்ஸப் குழுவில் வந்ததைப் படிக்காமல் தள்ளிவிட்டேன். வவுச்சரைப் பார்க்காமல் பாஸ் பண்ணினால் மெமோ வரும். இதற்கு யார் கொடுப்பது?

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். (பத்தாவதோடு சயின்ஸுக்குக் கும்பிடு போட்ட பி.காம். ஆசாமி நான், தப்பிருந்தால் திருத்துங்கள்.) நம் செல்லுக்குள்ளேயே ஒரு கபாடிவாலா இருக்கிறார். பழுதான புரதம், ஓடாத மைட்டோகாண்ட்ரியா எல்லாவற்றையும் இரட்டைச் சவ்வுப் பையில் கட்டி லைசோசோமிடம் சேர்ப்பார். அங்கே நொதிகள் உடைத்து, அமினோ அமிலமாகத் திருப்பித் தரும். 1963-இல் கிறிஸ்டியன் டி டுவே இதற்கு வைத்த பெயர் ஆட்டோஃபேஜி, தன்னையே தின்பது. ஜப்பானின் யோஷினோரி ஒசுமி ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு மைக்ராஸ்கோப்பில் இதைப் பார்த்தார். 1993-இல் இதற்கு வேண்டிய 15 ஜீன்களை அடையாளம் காட்டினார். 2016 நோபல் அதற்குத்தான்.

ஈஸ்ட், சார்! ஏகாதசி இல்லை.

பட்டினியில் இந்த வேலை முடுக்கிவிடப்படுவது நிஜம். ஆனால் சாப்பிட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டேதான் இருக்கும். புற்றுநோய் செல்கூட பிழைத்துக்கொள்ள இதையே பயன்படுத்துகிறது. "16 மணி நேரத்தில் உடம்பு சுத்தம்" என்று அவர் எங்கும் நிரூபிக்கவில்லை.

விரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெருமாளுக்காக இருங்கள், அதற்கு ஸ்டாக்ஹோம் சர்டிஃபிகேட் எதற்கு? அதைக் காட்டித்தானே மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களைத் துணிய வைக்கிறோம்?

டாக்டரிடம் கூட்டிப் போனேன். விரத நாளில் மாத்திரை எப்படி என்று முதலிலேயே கேட்டிருக்கலாமே என்றார். அம்மா இப்போது இந்த ஊர்க்காரர்கள் மாதிரி உபவாசத்துக்கு ஜவ்வரிசி கிச்சடி ஆகுமா என்கிறார். அது சர்க்கரைக்கு வேறு வில்லங்கம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.