ஓடும்போது பார்க்க வேண்டிய அழுத்தம்

கொருக்குப்பேட்டையில் எங்கள் மாடிக் குழாயில் தண்ணீர் நன்றாகவே வரும். கீழ்வீட்டார் குழாயைத் திறந்ததும் நூலாக இளைத்துவிடும். பாய்வு மிகுந்தால் வழியிலேயே அழுத்தம் குறைகிறது, மாணவர்களே!

பந்தயக் காரிலும் இதே கதைதான். 1980களில் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் சீறின. அத்தகைய நீண்ட நேர்ப்பாதையில் கார்புரேட்டர் எஞ்சின் திணறினால், உடனே ஜெட்டை மாற்றுவது தவறு என்பேன். நிற்கும் வண்டியில் அழுத்தமானி காட்டுவதையும் நம்பக் கூடாது. பெட்ரோல் மெல்லப் பாயும்போது அடைபட்ட வடிகட்டிகூட நல்ல பிள்ளையாக இருக்கும்! முழு வேகத்தில்தான் மிதவைத் தொட்டி வறளும். ஆகவே அழுத்தமானியை முன்கண்ணாடிக்கு வெளியே ஓட்டுநர் பார்வையில் கட்டி, ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பெரிய பம்பு போட்டால் தீராதா? பல கார்புரேட்டர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 பவுண்டு அழுத்தமே போதும். மிஞ்சினால் மிதவையால் ஊசி வால்வை மூட முடியாது; சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் வழியும்.