சிறைமீட்பும் அறமே

பசித்தவர்க்குச் சோறிடுவது அறம். நோயுற்றவர்க்கு மருந்தளிப்பதும் அறம். இவற்றில் எவர்க்கும் ஐயமில்லை. தாம் கொண்ட கருத்துக்காகச் சிறையிலிடப்பட்ட ஒருவரை விடுவிக்கக் குரல் கொடுப்பது அறமாகுமா? இவ்வினாவுக்கு ஆங்கில நாட்டுச் சட்டம் ஒருகால் 'ஆகாது' என்றே விடையிறுத்தது.

1961-இல் இலண்டனில் தோன்றிய அம்னெஸ்டி இன்டர்நேஷனல் இயக்கத்தார் 1977-இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவினர். அதனைப் பதிவு செய்ய அறக்கொடை ஆணையர் மறுக்கவே, வழக்கு எழுந்தது. 1981-இல் நீதியரசர் ஸ்லேட் தீர்ப்பளித்தார். சிறைப்பட்டோரின் வறுமையைத் துடைப்பது அறமே. ஆனால் அவர்தம் விடுதலைக்கும் சித்திரவதை ஒழிப்புக்கும் அரசுகளை வலியுறுத்துவது அரசியல் நோக்கம். அதனால் பொதுநன்மை விளையுமா என்பதை நீதிமன்றம் அளந்தறிய இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

வியப்பு யாதெனில், அந்நாட்டு அறக்கொடைச் சட்டத்திற்கு அடிப்படையாய் அமைந்த 1601-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை, சிறைப்பட்டோரை மீட்பதையும் அறச்செயல்களுள் ஒன்றாக எண்ணியிருந்தது. பொருள் கொடுத்து மீட்டால் அறம்; நீதி கேட்டு மீட்டால் அரசியல்! இவ்வேறுபாடு பொருந்துமா?

ஜகாத் பெறத் தகுதியுடையோராகத் திருக்குர்ஆன் (9:60) எண்வகையினரைச் சுட்டுகிறது. ஏழைகளுக்கு இடமளித்த அதே வசனம், அடிமைத்தளையில் உழல்வோரை மீட்பதற்கும் இடமளித்துள்ளது. நபித்துவத்திற்கு முன்பே, அநீதி இழைக்கப்பட்டோர்க்குத் துணைநிற்க மக்காவில் ஏற்பட்ட 'ஹில்ஃபுல் ஃபுளூல்' உடன்படிக்கையில் அண்ணலார் (ஸல்) பங்கேற்றதை வரலாறு கூறும். தமிழோ கொடையையும் நீதியையும் 'அறம்' என்னும் ஒரே சொல்லுள் அடக்கியது.

இதனை ஏற்றால் கட்சி அரசியல் அறப்போர்வை போர்த்து வரிச்சலுகை பெறும் என்பர் சிலர். அவ்வச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயின் அதற்கு வரம்பிட இயலும். இங்கிலாந்தின் 2006-ஆம் ஆண்டு அறக்கொடைச் சட்டம் மனித உரிமை மேம்பாட்டை அறநோக்கமாக ஏற்றது. சமய நல்லிணக்கத்தையும் அதனோடு ஒரே உட்பிரிவில் வைத்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. எனினும் அரசியலையே நோக்கமாகக் கொண்ட அமைப்பு இன்றும் அங்கே அறநிறுவனம் ஆகாது. அறநிறுவனம் எதுவும் ஒரு கட்சிக்குத் துணைபோகவும் கூடாது. கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு. வாயடைக்கப்பட்டவர்க்கு நீதி கேட்பது வேறு.

காயத்திற்கு மருந்திடுவதை ஏற்கும் சட்டம், அடிக்கும் கையைத் தடுப்பதையும் ஏற்றல் வேண்டும். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வாரி வழங்கும் நம் சமுதாயப் பெரியோர், வழக்காட வழியின்றிச் சிறையில் வாடும் ஏழைக்காகச் செலவிடும் பொருளும் அறக்கணக்கில் சேரும் என்பதை உளங்கொள்வாராக!