பணம் போட்டால் போதுமா, முதலாளி?

2012 மே 7, திங்கட்கிழமை. இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் பிளாக்பர்ன் என்றொரு பழைய மில் ஊர். அங்கே ஈவுட் பார்க் மைதானத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்கு வாழ்வா சாவா ஆட்டம். அந்த நேரம் பார்த்து மைதானத்துக்குள் ஒரு கோழி வந்துவிட்டது. பொம்மையில்லை, நிஜக் கோழி. முதுகில் கிளப்பின் கொடியைப் போர்த்தி யாரோ ஒரு ரசிகர் உள்ளே விட்டிருந்தார்.

கோழியைப் பிடித்துவிட்டார்கள். ஆட்டத்தைத்தான் பிடிக்க முடியவில்லை. விகன் அணி 1-0 என்று ஜெயித்தது. 2001-லிருந்து பிரீமியர் லீகில் ஆடிக்கொண்டிருந்த ரோவர்ஸ், ஒரு படி கீழே தள்ளப்பட்டது.

எதற்குக் கோழி என்கிறீர்களா? கிளப் முதலாளிகள் கோழிக்காரர்கள். அதுவும் நம் நாட்டுக்காரர்கள். புனே வெங்கீஸ் கம்பெனி. நீங்கள் காலையில் பேப்பரைப் பிரித்ததும் ஒரு மூலையில் 'நாமக்கல் முட்டை விலை' கண்ணில் படுமே, அதை அறிவிக்கும் என்.இ.சி.சி. அமைப்பை 1982-ல் உருவாக்கியவர் பி.வி.ராவ். இந்தியக் கோழிப் பண்ணைத் தொழிலையே நவீனமாக்கியவர் என்று பெயரெடுத்த மனிதர். அவருடைய பிள்ளைகள்தான் 2010 நவம்பரில் 23 மில்லியன் பவுண்டு கொடுத்து இந்தக் கிளப்பை வாங்கினார்கள். அன்றைய மதிப்பில் 160 கோடி ரூபாய்க்கு மேல்.

அப்போது நமக்கெல்லாம் ஒரே புல்லரிப்பு. "வெள்ளைக்காரன் கிளப்பையே நம்மாளு வாங்கிட்டான்யா!" பிரீமியர் லீகில் ஒரு கிளப்பை வாங்கிய முதல் இந்தியர்கள். சந்தோஷம்தான். ஆனால் வாங்குவது வேறு, நடத்துவது வேறு. யானையை வாங்கியவனுக்குத் தீனி போடவும் தெரிய வேண்டும், அங்குசம் பிடிக்கவும் தெரிய வேண்டும். இவர்கள் தீனி மட்டும் போட்டார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஐ.பி.எல்.லில் ஒரு அணி கடைசி இடம் வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. டிவி பணத்தில் பங்கு வரும், அடுத்த ஏப்ரலில் புது ஜெர்சி போட்டுக்கொண்டு மறுபடி வந்து நிற்கலாம். இங்கிலாந்து கால்பந்தில் அந்தக் கதையே கிடையாது. இருபது அணிகளில் கடைசி மூன்று அணிகள் கீழ் டிவிஷனுக்குப் போயே ஆக வேண்டும். கோடீஸ்வரன், கோமகன் யாராயிருந்தாலும் சலுகை இல்லை. 2011-12 சீசனில் பிரீமியர் லீக் ரோவர்ஸுக்குக் கொடுத்த பங்கு சுமார் 40 மில்லியன் பவுண்டு. கீழே விழுந்த கிளப்புக்கு 'பாராசூட் பணம்' என்று ஒன்று தருவார்கள். முதல் வருடம் சுமார் 16 மில்லியன், பிறகு படிப்படியாகக் குறைந்து நின்றே போகும். வரவு பாதிக்கும் கீழே போகிறது. ஆனால் வீரர்களின் சம்பளம் மட்டும் பழைய ஒப்பந்தப்படி அப்படியே நிற்கிறது. முதலாளியின் சாமர்த்தியம் தெரியும் நேரம் அதுதான்.

சரி, பிளாக்பர்ன் என்ன லேசுப்பட்ட கிளப்பா? 1875-ல் தொடங்கியது. 1888-ல் ஃபுட்பால் லீக் உருவானபோது இருந்த பன்னிரண்டு கிளப்புகளில் ஒன்று. 1991-ல் உள்ளூர் இரும்பு வியாபாரி ஜாக் வாக்கர் இதைக் கையில் எடுத்தார். சின்ன வயதிலிருந்தே இந்த அணியின் ரசிகர். இரண்டாம் டிவிஷனில் கிடந்த அணியை 1995-ல் பிரீமியர் லீக் சாம்பியனாக்கினார். அவரும் பணத்தைக் கொட்டியவர்தான், மறுக்கவில்லை. ஆனால் மைதானத்தைப் புதுப்பித்தார், பிராக்ஹாலில் பயிற்சி மையம் வந்தது, கென்னி டால்கிலீஷ் மாதிரி விஷயம் தெரிந்த ஒருவரிடம் அணியை ஒப்படைத்தார். 1999-ல் அவர் காலத்திலும் அணி கீழே விழுந்தது. 2000-ல் அவர் இறந்துபோனார். 2001-ல் அணி மேலே வந்துவிட்டது. அஸ்திவாரம் என்பது அதுதான். போட்டவர் போன பிறகும் நிற்க வேண்டும்.

இப்போது வெங்கீஸ் என்ன செய்தார்கள், பாருங்கள். வாங்கிய அடுத்த மாதமே மேனேஜர் சாம் அல்லர்டைஸைத் தூக்கினார்கள். அப்போது அணி 13-ஆம் இடத்தில் பத்திரமாக இருந்தது. அவர் இடத்துக்கு வந்த ஸ்டீவ் கீன், அதற்கு முன் எந்த அணிக்கும் மேனேஜராக இருந்ததில்லை. ரொனால்டினோவைக் கொண்டு வரப் பார்க்கிறோம் என்றார்கள். ரொனால்டினோ பிரேசிலுக்குப் போய்விட்டார். வருடக்கணக்காகக் கிளப்பைக் கட்டிக்காத்த சேர்மன் ஜான் வில்லியம்ஸ் 2011 பிப்ரவரியில் விலகினார். அதே வருடம் ஒரு டிவி விளம்பரம் வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து ரோவர்ஸ் வீரர்கள் வெங்கீஸ் சிக்கன் சாப்பிடுகிறார்கள். கிளப்பை எதற்காக வாங்கினார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

பிறகு 2012-ல் விழுந்தார்கள். விழுந்ததும் எல்லா முதலாளியும் சொல்வதைத்தான் இவர்களும் செய்தார்கள். 'முதலீடு!'

நாம் சண்டை போட வேண்டியது இந்த வார்த்தையோடுதான். பி.காம். முதல் வருடத்தில் ஒரு பாடம் உண்டு. மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. நீங்கள் தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைக்கிறீர்கள். கிரைண்டர் வாங்கினால் அது மூலதனச் செலவு, வருடக்கணக்கில் உழைக்கும். அரிசி, உளுந்து, கரன்ட் பில் எல்லாம் வருவாய்ச் செலவு, அன்றோடு கரைந்துபோகும். கால்பந்து முதலாளிகள் உளுந்துக்குக் கொடுத்த காசையும் 'முதலீடு' என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய வீரர்களின் சங்கதியும் கிட்டத்தட்ட இதுதான். நாலு வருட ஒப்பந்தத்தில் ஒருவரை வாங்கினால், கணக்குப் புத்தகத்தில் வருடத்துக்குக் கால் பங்கு விலை தேய்ந்து, நாலாம் வருடக் கடைசியில் பூஜ்யம்.

2012 ஆகஸ்டில் ஜோர்டன் ரோட்ஸை 8 மில்லியன் பவுண்டுக்கு வாங்கினார்கள். சுமார் 70 கோடி ரூபாய். அநியாயமாகப் பேசக் கூடாது, அவர் நல்ல ஆட்டக்காரர். ரோவர்ஸுக்காக லீகில் மட்டும் 83 கோல். ஆனால் கோல் போடுபவர் ஒருவர் இருந்தால் போதுமா? அந்த ஒரே சீசனில் அணிப் பொறுப்பு ஐந்து பேர் கை மாறியது. ஹென்னிங் பெர்க் இருந்தது 57 நாள். மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள். பெர்க்குக்கு மூன்று வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு அனுப்பியதால் விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அந்த ஒப்பந்தம் போட எங்கள் நிர்வாக இயக்குநருக்கு அதிகாரமே கிடையாது என்றுகூட ஒரு கட்டத்தில் வாதாடிப் பார்த்தார்கள். நீதிபதி ஏற்கவில்லை. நஷ்டஈடு 22.5 லட்சம் பவுண்டு. 57 நாளுக்கு வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 30 லட்சம் ரூபாய்க்கு மேல் வருகிறது. இதுவும் முதலீடா?

கோழி வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையில் உட்கார்ந்த கோழியை 21 நாள் தொந்தரவு செய்யக் கூடாது. தினமும் எழுப்பிவிட்டு, குஞ்சு பொரித்ததா என்று முட்டையைத் தூக்கிப் பார்த்தால் மிஞ்சுவது கூமுட்டை. பண்ணையில் தெரிந்த இந்த உண்மை, ஏழாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மைதானத்தில் மறந்துபோனது எப்படி?

கூமுட்டைதான் மிஞ்சியது. அந்த சீசனில் 17-ஆம் இடம். 2013-14 கணக்கில் நஷ்டம் 40 மில்லியன் பவுண்டுக்கு மேல். அந்த டிவிஷனில் அனுமதிக்கப்பட்ட நஷ்டமே 8 மில்லியன்தான். விளைவு, 2014 டிசம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு வீரர்களை விலை கொடுத்து வாங்கத் தடை. 2016-ல் ரோட்ஸும் போனார். 2017 மே மாதம் கோல் வித்தியாசத்தில் மூன்றாம் டிவிஷனுக்கு விழுந்தார்கள். பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கிளப் அவ்வளவு ஆழத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. ஈவுட் பார்க்குக்கு வரும் சராசரிக் கூட்டம் ஆறே வருடத்தில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. இந்த இரண்டாவது வீழ்ச்சிக்குப் பிறகு அதே முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யவில்லை! மேனேஜர் டோனி மௌப்ரேயை அப்படியே விட்டுவைத்தார்கள். பிராட்லி டேக் என்ற பையனை ஒரு மில்லியனுக்கும் குறைவான விலைக்கு வாங்கினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. 2018-ல் 96 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பிடித்து அணி மேலே வந்துவிட்டது. மௌப்ரே 2022 வரை அங்கேயே இருந்தார்.

ஒரே முதலாளி, ஒரே கிளப், இரண்டு வீழ்ச்சி. கோடிகளை இறைத்து மேனேஜர்களை மாற்றிக்கொண்டே இருந்தபோது இன்னும் கீழே போனார்கள். சும்மா இருந்தபோது ஒரே வருடத்தில் மேலே வந்தார்கள். கீழ் டிவிஷனில் போட்டி லேசு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் அங்கேயே வருடக்கணக்கில் உழன்ற பெரிய கிளப்புகளும் உண்டு. விழுந்த கிளப்புக்கு முதல் மருந்து பொறுமை. அதற்குக் காசு கிடையாது. அதனால்தான் யாரும் அதை முதலீட்டுத் திட்டத்தில் எழுதுவதில்லை.

முதலாளி தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுவோம். இவர்கள் கிளப்பை நடுத்தெருவில் விட்டு ஓடவில்லை. 2019-ல் பரி என்ற கிளப்பை லீகிலிருந்தே நீக்கினார்கள். அந்த முதலாளியால் பணத்துக்கு வழிகாட்ட முடியவில்லை. வெங்கீஸ் குடும்பம் இத்தனை வருடங்களில் 200 மில்லியன் பவுண்டுக்கு மேல் கொட்டியிருக்கிறது. "நாங்க போடலைன்னா கிளப்பே இருக்காது" என்று அவர்கள் சொன்னால், அதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அந்த வாதத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் போட்டும், முதலாளியின் அடுத்த காசோலை வரவில்லையென்றால் கிளப் நிற்காது என்றால், அந்தப் பணம் எங்கே போனது? அந்த ஆபத்தும் கண்முன்னே வந்தது. இந்தியாவில் அமலாக்கத் துறை விசாரணை ஒன்று நடக்க, பிளாக்பர்னுக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது கோர்ட் பாடு. ஆனால் டெல்லியில் வாய்தா என்றால் லங்காஷயரில் பட்ஜெட்டுக்குக் கத்திரி விழுகிறது. 2023-ல் அதுதான் நடந்தது. 2024 பிப்ரவரி முதல் தேதி ஆடம் வார்ட்டன் என்ற 19 வயதுப் பையனைக் கிறிஸ்டல் பேலஸுக்கு 18 மில்லியன் பவுண்டுக்கு விற்றார்கள்.

யார் இந்த வார்ட்டன்? பிளாக்பர்னில் பிறந்து, சின்ன வயதிலேயே கிளப்பின் அகாடமிக்கு வந்த பையன். வாங்கிய விலை பூஜ்யம். கணக்குப் புத்தகத்தில் அவன் மதிப்பும் பூஜ்யம். அதே வருடம் யூரோ கோப்பைக்குப் போன இங்கிலாந்து அணியில் அவன் பெயர் இருந்தது. ரோட்ஸை வாங்கிய தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல், விலை கொடுத்து வாங்காத பையன் சம்பாதித்துக் கொடுத்தான். அகாடமிதான் கிரைண்டர், சார். மற்றதெல்லாம் உளுந்து.

இன்னும் ஒன்று. 2023 ஜனவரியிலும் 2024 ஜனவரியிலும், வரவேண்டிய வீரர்கள் வராமல் போனார்கள். காரணம், ஆவணங்களை நேரத்துக்கு, ஒழுங்காகத் தாக்கல் செய்யாதது! இரண்டு முறை! 2025 பிப்ரவரியில் அணி ஐந்தாம் இடத்தில் இருந்தபோது மேனேஜர் ஜான் யூஸ்டஸ் விலகி, கடைசி வரிசையில் தத்தளித்த டெர்பிக்குப் போனார். டெர்பி அவர் முன்பு ஆடிய கிளப்தான். ஆனாலும் மேல் மாடியிலிருந்து ஒருவர் கீழ் மாடிக்குத் தானாகக் குடிபோகிறார் என்றால், வீட்டுக்காரர் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

வீட்டுக்காரர்தான் வருவதே இல்லையே! ஈவுட் பார்க்கில் முதலாளிகளைப் பார்ப்பது அமாவாசையில் நிலாவைப் பார்ப்பது மாதிரி என்பதுதான் அந்த ஊர்க்காரர்களின் பெரிய ஆத்திரம். பணம் வரவில்லை என்று மட்டும் அவர்கள் கத்தவில்லை. பதில் சொல்ல ஆள் வரவில்லை என்று கத்துகிறார்கள்.

அந்த மண்ணுக்கு இந்தியாவிலிருந்து இன்னொருவர் போயிருக்கிறார். 1931 செப்டம்பர். வட்டமேஜை மாநாட்டுக்காக லண்டன் வந்த காந்தி, பிளாக்பர்னை ஒட்டியிருக்கும் டார்வென் ஊருக்குப் போனார். அவருடைய அந்நியத் துணி பகிஷ்காரத்தால் அந்த வட்டாரத்து மில்கள் அடிவாங்கி, தொழிலாளர்கள் வேலையில்லாமல் நின்ற நேரம். கோபம் எப்படி இருந்திருக்கும்? அவர் அவர்கள் வீட்டுக்கே போய்த் தங்கினார். அவர்கள் கஷ்டத்தைக் கேட்டார், நம் ஊர்க் கஷ்டத்தைச் சொன்னார். மில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றைக்கும் இருக்கிறது. அவர் ஒரு பென்னிகூடக் கொடுக்கவில்லை. நேரில் போய் முகம் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஆகவே, அடுத்த தடவை கீழே விழுந்த ஏதாவது ஒரு கிளப்பின் முதலாளி, இத்தனை மில்லியன் முதலீடு செய்கிறேன் என்று அறிவித்தால், கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். அதில் எவ்வளவு கிரைண்டர், எவ்வளவு உளுந்து? விஷயம் தெரிந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா? தோற்ற அன்று மைதானத்துக்கு வருவீர்களா?

இந்த மாதிரி கேள்விகளைக் கேட்கத்தான் இங்கிலாந்தில் 2025-ல் சட்டமே போட்டு, கால்பந்துக்கென்று சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பை உண்டாக்கினார்கள். நல்லதுதான். ஆனால் பதிமூன்று வருடம் முன்னாலேயே அந்த ஊர் ஜனங்கள் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். மனு எழுதித்தான் கேட்க வேண்டுமா என்ன? ஒரு கோழிக்குக் கொடியைப் போர்த்தி அனுப்பினார்கள். கோழி மைதானத்துக்கு வந்தது. முதலாளிதான் வரவில்லை.